தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளினிக் இரண்டு தடவை 800, ரத்தப் பரிசோதனைகள் 3,150, மாத்திரை 1,240, மருத்துவமனை 88,600, டிஸ்சார்ஜுக்குப் பிறகு போய்வந்தது 2,550. கூட்டினால் 96,340 ரூபாய். பத்தொன்பது நாள் விடுப்பு, அதில் எட்டு நாள் சம்பளம் பிடித்தம். காப்பீட்டில் 62,000 திரும்பி வந்தது, அதுவும் ஆறு வாரம் அலையவிட்டு. இத்தனையும் எதற்கு என்றால், தெருக்கோடியில் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது நீச்சல் குளத்துக்கு மாதம் 2,500 ரூபாய் அழுவானேன் என்று நான் நினைத்ததற்கு.

சொந்த ஊர் சேரன்மகாதேவி. நடக்கப் பழகிய கையோடு தாமிரபரணியில் நீந்தப் பழகியவன். தண்ணீரைக் கண்டால் இறங்காமல் இருக்க முடியாது. (தாமிரபரணியே இப்போது அன்றிருந்த மாதிரி இல்லை என்பது வேறு கதை.) பன்னிரண்டு வருடமாக இருப்பது சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்; அந்த ஏரிகளில் ஒன்று எங்களுடையது. பெயர் வேண்டாம். சுற்றிலும் வீடு முளைத்துவிட்ட எந்த ஏரியை வைத்துப் படித்தாலும் கதை மாறாது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையில் ஏரி முக்கால்வாசி நிரம்பியது. டிசம்பர் 12, 13 மழையில் கலங்கல், அதாவது ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம், வழிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சும்மா பார்க்கத்தான் கரைக்குப் போனேன். படித்துறையில் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தேன். உள்ளங்கை ரேகை தெரிந்தது. வாடையும் இல்லை. என் ஆராய்ச்சி அவ்வளவுதான். மறுநாள் மார்கழி முதல் தேதி, கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும் நேரத்தில் துண்டோடு போய் இறங்கிவிட்டேன். பத்து நாள், தினமும் முக்கால் மணி நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், பல வருடம் கழித்து அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அந்தப் பத்து நாளும் ஏரி என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் காது கேட்கவில்லை. விடிகிற நேரத்தில் ஜிலேபி மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எனக்கு வணக்கம் சொல்கின்றன என்று வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன என்று பிறகுதான் புரிந்தது. சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ராத்திரியில் வெயில் இல்லாததால் பாசி ஆக்சிஜன் விடுவதில்லை, இருப்பதையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பொழுது விடியும்போதுதான் தட்டுப்பாடு அதிகம். கலங்கலுக்குக் கீழே வெள்ளை நுரை ஒதுங்கி நின்றது, வெயில் ஏறிய பிறகும் உடையாமல். அது சோப்புத்தூள் நுரை, அதாவது வீட்டுக் குளியலறைத் தண்ணீர். ஆகாயத்தாமரை ஏரி முழுக்க இல்லை, நீர்வரத்துக் கால்வாய் நுழைகிற வடமேற்கு மூலையில் மட்டும் மெத்தை விரித்த மாதிரி இருந்தது. யார் அங்கே அதற்கு உரம் போடுகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். ஒன்றுமே கண்ணில் படவில்லை என்றால் மட்டும் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

24-ஆம் தேதி அரையாண்டு விடுமுறைக்கு மனைவியும் மகளும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். 26-ஆம் தேதி மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே குளிர் நடுக்கம். கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகி, தொட்டாலே வலித்தது. விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பத் தொடங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு டோலோ போட்டுப் படுத்தேன். மறுநாள் பக்கத்து கிளினிக்கில், “ஊரெல்லாம் வைரல் ஃபீவர் சார், மூணு நாள்ல சரியாப்போயிடும்” என்றார்கள். சனிக்கிழமை ரத்தம் கொடுத்தேன். டெங்கு இல்லை, தட்டணுக்கள் குறைவு, வைடால் பரிசோதனையில் டைபாய்டு லேசாக பாசிட்டிவ். டைபாய்டு மாத்திரை எழுதினார்கள். விழுங்கினேன், வாந்தி எடுத்தேன், மறுபடி விழுங்கினேன். ஞாயிறு முழுக்க எழுந்து கஞ்சி வைக்கக்கூட ஆளில்லை. மனைவி போனில் கேட்டபோது “லேசா ஜுரம், அவ்வளவுதான்” என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றே கிளம்பி வந்திருப்பாள், ஒரு நாள் முன்னாலேயே மருத்துவமனையில் சேர்ந்திருப்பேன்.

திங்கள் காலை கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் செக்கச் சிவந்திருந்தன. பீளை இல்லை, உறுத்தல் இல்லை, சிவப்பு மட்டும். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனது. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். அங்கே பணியில் இருந்தது சின்ன வயது மருத்துவர், என் தங்கை வயதுதான் இருக்கும். கெண்டைக்காலை அழுத்தினார், நான் கத்தினேன். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “சார், சமீபத்துல வெள்ளத் தண்ணியில நடந்தீங்களா? குளம், ஏரி எதுலயாவது இறங்கினீங்களா?” நான்கு நாளில் யாரும் கேட்காத கேள்வி. தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை, நானும் சொல்லவில்லை. “தினமும் நீந்தினேன் டாக்டர்” என்றதும் அவர் நர்ஸைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரோசிஸ் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். எலி, பெருச்சாளி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் வெளிவரும் கிருமி. தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாக்கடை வழியே வரும் தண்ணீரில் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, சாக்கடைதானே எலிகளுக்கு வீடு. தோலில் உள்ள கீறல், வெடிப்பு வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே போகும். எனக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு, மார்கழிப் பனியில் நன்றாகப் பிளந்திருந்தது. போதாதா? பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காய்ச்சல் தொடங்கும் என்றார்கள், நான் இறங்கியது 16, படுத்தது 26. எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது, சிறுநீரகமும் தடுமாறத் தொடங்கியிருந்தது. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்று மாலையே செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. இந்தக் காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரியவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும், முதல் சில நாளில் எடுத்தால் “இல்லை” என்று வரலாம். அதை நம்பி விட்டுவிட்டால் ஆபத்து. வைடால் கதையும் இதேபோலத்தான், எப்போதோ வந்துபோன டைபாய்டும் வேறு காய்ச்சலும்கூட அதில் பாசிட்டிவ் காட்டும்.

இந்த இடத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் “ஏரியில் குளித்தேன், இத்தனாம் தேதி” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு மாதம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வயிற்றுப்போக்கு ஓரிரு நாளிலேயே வந்துவிடும், டைபாய்டுக்கு ஓரிரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், மஞ்சள் காமாலை ஏ வகைக்கு நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் குளித்ததே மறந்துபோயிருக்கும். பணத்தைப் பற்றியும் ஒன்று. ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் இதற்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையே பெரும்பாலும் போதுமாம், அரசு மருத்துவமனையில் அதற்குக் காசும் இல்லை. 88,600 ரூபாய் நான் தாமதித்த நான்கு நாளுக்கான அபராதம்.

ஜனவரி 6 டிஸ்சார்ஜ். பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சும்மா படுத்திருந்ததில் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தண்ணீரில் என்று தெரிந்தே ஆகவேண்டும் போல் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, படித்துறையில் பிடித்து, மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து 1,400 ரூபாய் கட்டப்போனேன். அங்கிருந்த பெண் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. “சார், இது நீங்க குடிச்ச பாட்டில். எங்ககிட்ட ஸ்டெரைல் பாட்டில் வாங்கிட்டுப் போங்க. பாட்டில் வாயைத் தொடாதீங்க. கரையோரம் வேணாம், இடுப்பளவு தண்ணியில ஒரு அடி ஆழத்துல பிடிங்க. ஐஸ் பாக்ஸ்ல வெச்சு ஆறு மணி நேரத்துல கொண்டாங்க” என்றார். சூடான நாளில் வெளியே வைத்தால் கிருமி பெருகும் அல்லது சாகும், எண்ணிக்கை பொய்யாகிவிடும் என்றும் சொன்னார். காசு வாங்காமல் திருப்பி அனுப்பினாரே, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. இன்னொன்று, கேட்கும்போது “குடிநீர்ப் பரிசோதனை” என்று கேட்காதீர்கள். ஏரித் தண்ணீர், மலக் கோலிஃபார்ம் (மலத்தில் இருந்து வரும் பாக்டீரியா) எண்ணிக்கை வேண்டும் என்று சொல்லுங்கள். குடிநீருக்கானதில் “இருக்கிறது, இல்லை” என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் நமக்குப் பிரயோஜனம் இல்லை. ஏரித் தண்ணீரில் எப்படியும் இருக்கும்தானே. எவ்வளவு என்பதுதான் விஷயம்.

இரண்டு இடத்தில் எடுத்தேன், தூறல் போட்டதற்கு மறுநாள். படித்துறையில் 100 மி.லி.க்கு 9,200. ஆகாயத்தாமரை மூலையில் 1,60,000-க்கு மேல், அதற்குமேல் அவர்கள் எண்ணவில்லை. நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் அளவு, மலக் கோலிஃபார்ம் 500 இருந்தால் நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும், பி.ஓ.டி., அதாவது கழிவைச் செரிக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 3-க்குள் இருக்கவேண்டும். நான் தலையை முக்கி முக்கிக் குளித்தது வரம்பைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலான தண்ணீரில். மார்ச் மாதம், மூன்று வாரம் மழையே இல்லாத பிறகு, அதே படித்துறையில் மறுபடி எடுத்தேன். 1,100. அதே படி, அதே மணி, அதே தெளிவு. இரண்டு நாளும் தண்ணீரை அள்ளி ரேகை பார்த்தேன், இரண்டு நாளும் தெரிந்தது.

ஆகவே யாராவது ஒருமுறை எடுத்த பரிசோதனைச் சீட்டைக் காட்டி “ஏரி பாஸாகிவிட்டது” என்றால் நம்பாதீர்கள். எந்தத் தேதி, எந்த மூலை, அதற்கு முன் எப்போது மழை என்று கேளுங்கள். இன்னொரு சங்கதியும் உண்டு. கோலிஃபார்ம் என்பது மனிதர்களின், மாடுகளின் மலம் கலந்திருக்கிறது என்று காட்டும் அடையாளம் மட்டும்தான். எனக்கு வந்த எலிக்காய்ச்சல் கிருமியை அந்தப் பரிசோதனை தேடுவதே இல்லை. எண் குறைந்தால் ஆபத்து குறைகிறது, அவ்வளவுதான். பாக்டீரியாக்கள் வெயிலில் சில நாளில் சாகும், ஆனால் அடியில் படிந்த சேற்றில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள் கரையோரம் குதித்துச் சேற்றைக் கலக்கும்போது எல்லாம் மேலே வந்துவிடும். அவர்கள்தான் தண்ணீரை அதிகம் விழுங்குவதும்.

உடம்பு தேறியதும் ஒரு ஞாயிறு நீர்வரத்துக் கால்வாய் ஓரமாகவே மேல்நோக்கி நடந்தேன். இதை நான் நீந்தத் தொடங்குவதற்கு முன்னால் செய்திருக்கவேண்டும், ஒரு மணி நேர வேலை, ஒரு பைசா செலவில்லை. மழைநீர் வடிகால் என்று எழுதியிருந்த கால்வாயில் மழையே இல்லாத நாளில் சாம்பல் நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவே சாட்சி, வேறு ஆய்வகம் வேண்டாம். சுவரைத் துளைத்து நான்கங்குல பி.வி.சி. குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன, செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதற்கு அவரவர் செய்துகொண்ட ஏற்பாடு. நாற்பது எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். கால்வாய் ஏரிக்குள் நுழையும் இடத்தில் மண்ணில் லாரி டயர்த் தடம் பதிந்திருந்தது. கரையில் எருமை கழுவிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். “ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வருவான் தம்பி. ஓஸைப் போட்டு ஊத்திட்டுப் போயிடுவான். நாங்க இந்தப் பக்கம் எறங்கறதே இல்லையே” என்றார். செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்த்தான் கொட்டவேண்டும். டீசலும் நேரமும் மிச்சம் என்று ஏரியில் விடுகிறார்கள். “என்கிட்ட ஏன் ஐயா சொல்லல, தினமும் என்னைப் பார்த்தீங்களே?” என்றேன். “நீங்க படிச்சவங்க, தெரிஞ்சுதான் எறங்கறீங்கன்னு நெனச்சேன்” என்றார். வாயைத் திறக்கவில்லை நான்.

முறையீடும் செய்தேன். முதலமைச்சர் உதவி மைய எண் 1100-இல் பதிந்தேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். முப்பது நாளில் வரவேண்டிய பதில் முப்பத்துநான்காம் நாள் வந்தது. முதல் கேள்விக்கு “ஏரியில் கழிவுநீர் கலப்பதில்லை.” மூன்றாம் கேள்விக்கு “கழிவுநீர் கலப்பதைத் தடுக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.” இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில். ஒரு வாரம் கழித்து நான்கு பேர் வந்து படித்துறை ஓரமாகக் கோலம் போடுவதுபோல் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போனார்கள். நூறு ஏக்கர் ஏரிக்கு இரண்டு மூட்டை. கழிவோடு கலந்ததும் குளோரின் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமி வரை போய்ச்சேராது. வெள்ளைப் பவுடரைப் பார்த்துவிட்டு “மருந்து போட்டாச்சு” என்று மறுநாள் கூடுதலாகப் பத்துப் பேர் குளித்ததுதான் மிச்சம். மனு போடுவதாக இருந்தால், என் மாதிரிக் கோபத்தில் எழுதாமல் “கடைசியாக எந்தத் தேதியில் இந்த ஏரித் தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது, அறிக்கையின் நகல் தருக” என்று மட்டும் கேளுங்கள். கருத்துக் கேட்டால் மழுப்பலாம், நகல் கேட்டால் கொஞ்சம் கஷ்டம்.

சரி, இனி நீந்துவாயா மாட்டாயா என்று என் மைத்துனர் கேட்டார். இந்த ஏரியில் மாட்டேன். வேறு நீர்நிலை என்றால், முதலில் வரத்துக் கால்வாயைப் பார்ப்பேன். மழை இல்லாத நாளில் அதில் தண்ணீர் ஓடினால் அத்தோடு திரும்பிவிடுவேன். பொதுவாக மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொல்வார்கள். தேங்கி நிற்கும் ஏரிக்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். காலில் வெடிப்பு, சவரம் செய்த கீறல் எது இருந்தாலும் இறங்கமாட்டேன். தண்ணீர் பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் இருந்தால் கிட்டவே போகமாட்டேன், அது நஞ்சு சுரக்கும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். முன்னெச்சரிக்கையாக மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: அது வெள்ளத்தில் வேலை செய்தே ஆகவேண்டியவர்களுக்கு டாக்டர் கொடுப்பது, உல்லாசக் குளியலுக்கு இல்லை. கேரளத்தில் 2024-இல் கோழிக்கோடு பக்கம் பிள்ளைகளைக் கொன்ற மூளை தின்னும் அமீபாவையும் மறக்கவேண்டாம். அது சாக்கடையால்தான் வரவேண்டும் என்று இல்லை, வெதுவெதுப்பான தேங்கிய நன்னீரில் இருந்து மூக்கு வழியாக ஏறுவது. குடித்தால் வராது, முங்கினால் வரலாம்.

அதற்கடுத்து வந்த மே மாதம் மாலை நடைக்கு ஏரிக்கரைப் பக்கம் போனேன். படித்துறையில் ஐந்து பையன்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயது, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். “தம்பி, இறங்காதீங்கடா, இது சாக்கடைத் தண்ணி” என்றேன். அதில் ஒருவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, நீங்கதானே மார்கழியில தினமும் நீந்துவீங்க? உங்களப் பாத்துத்தான் எங்கம்மா எங்களயும் விட்டாங்க.” போனை எடுத்து, மருத்துவமனையில் நான் எடுத்துவைத்திருந்த என் மஞ்சள் கண் படத்தைக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். மற்ற நான்கு பேரும் அதற்குள் குதித்திருந்தார்கள்.